மாவு மில்லில் கிடைத்த சௌந்தரராஜன்

அக்பர் பாஷா எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். ஆனால் நீங்கள் அவரிடம் போய் டிரைவரா என்று கேட்டுப் பாருங்கள், முகம் சுண்டிவிடும். "பஸ் ஓட்டுறது சோத்துக்கும்மா. நான் யாருன்னு எவனாச்சும் கேட்டா, அட்டை சேக்கறவன்னு சொல்லு" என்பார். சூளகிரியில் காலை ஷிப்டுக்கு ஏறி ஓசூர் சிப்காட்டில் இறங்கும் வரை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காருகிற பாவத்துக்கு, இந்த அட்டைக் கதையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஜன்னலோரம் காற்று வருமே என்று ஆசைப்பட்டு உட்கார்ந்தேன். காற்றோடு கபடியும் வந்தது.

என்ன அட்டை என்கிறீர்களா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ரோஜா சூயிங்கம் என்று ஒரு சின்னக் கம்பெனி இருந்ததாம். பாக்கெட்டுக்குள் ஒரு படம் வைத்தால் பிள்ளைகள் விழுந்தடித்து வாங்குவார்கள் என்று முதலாளிக்கு யோசனை. கிரிக்கெட்காரர் படத்தைப் போட்டால் அவரிடம் போய் நிற்க வேண்டும். உள்ளூர்க்காரன் படத்தைப் போட்டால் அவனே நாலு பாக்கெட் சேர்த்து வாங்குவான். அப்போது இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்குள் வருஷாவருஷம் கபடிப் போட்டி நடக்கும். அத்திப்பள்ளி, மாலூரிலிருந்துகூட டீம் வரும். அந்த ஆட்டக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, முப்பத்தாறு அட்டை போட்டுவிட்டார் மனுஷர். முன்பக்கம் மார்பளவு படமும் பேரும். பின்பக்கம் ஊர், கம்பெனி, ஆடும் இடம், பிடித்த உணவு. முக்கால்வாசிப் பேருக்குப் பிடித்த உணவு களியும் கோழிக் குழம்பும். ஒருத்தர் மட்டும் ரோஜா சூயிங்கம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காக்காய் பிடித்தவர்தான் பின்னாளில் கவுன்சிலர் ஆனார்.

பாஷா சின்னப் பையனாக இருந்தபோது சேர்த்த அட்டைகளை அவருடைய அம்மா பழைய பேப்பரோடு பேப்பராக வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாராம். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது இந்த நாற்பத்தைந்து வயது ஆள் ஹாரனைத் தேவையில்லாமல் இரண்டு தரம் அடிப்பார். கல்யாணமாகி, பஸ் வேலைக்கு வந்து, கையில் நாலு காசு நின்ற பிறகு முதல் அட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அவர் மனைவி அதியாக்கா இதைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: "எனக்குச் சக்களத்தி ஒருத்தி இல்லம்மா. முப்பத்தாறு ஆம்பளைங்க."

சேர்த்துத் தொலைத்தால் சும்மா சேர்க்க வேண்டியதுதானே. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார் பாருங்கள், அங்கேதான் என் உயிரை வாங்கினார். அட்டை கையில் வந்தால் பாதிதான். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, ஆட்டத்தை விட்ட பிறகு என்ன ஆனார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு, அட்டையில் கையெழுத்து வாங்கினால்தான் முழுசு. முழுசான அட்டை மட்டுமே கல்யாண ஆல்பத்துக்குள் போகும். மீதி எல்லாம் டிபன் டப்பாவுக்குள் கிடக்கும்.

ஆளைத் தேட அவருக்கு வாய்த்த வசதி எங்கள் பஸ். வேப்பனப்பள்ளி, பர்கூர், கெலமங்கலம், ஊத்தங்கரை என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதில் ஏறுகிறோம். புதிதாக ஒரு முகம் ஏறினால் போச்சு. "எந்த ஊரும்மா? அங்க நாகோஜின்னு ஒருத்தர், லெஃப்ட் கார்னர், கழுத்து எருமை மாதிரி இருக்கும், தெரியுமா?" ஆதார் கார்டு கேட்காத குறை. பயந்துபோய் மறுநாள் கடைசி சீட்டுக்கு ஓடிய பெண்கள் உண்டு. ஆனால் இப்படிக் கேட்டுக் கேட்டே அவர் ஒவ்வொருவராகப் பிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

களத்தில் தேக்கு மரம் மாதிரி நின்றவர் பாகலூரில் ரோஜா நாற்று விற்கிறார்; இப்போது முள் குத்தினாலே பிளாஸ்டர் தேடுகிறாராம். எகிறிக் குதித்துத் தப்பியவர் போலீசில் சேர்ந்து எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெற்று, முழங்கால் வலியால் மாடி ஏற முடியாமல் கீழ்வீட்டுக்கு மாறிவிட்டார். ஒருத்தர் பெங்களூரில் யோகா சொல்லித் தருகிறார். ஒருத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவியிடம் அட்டையை நீட்டி, வேண்டாம் என்றால் பரவாயில்லை என்று பாஷா தயங்க, அந்த அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தெலுங்கில் தன் பேரைப் போட்டாராம். "அவரு சம்பாதிச்சதுக்கெல்லாம் நான்தான கணக்கு, இதுக்கும் நானே போடறேன்" என்று சிரித்தாராம். அன்றைக்கு பாஷா பஸ்ஸில் யாரிடமும் பேசவில்லை. அந்த ஒரு நாள்தான் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போனது. ஆனால் தூக்கம் சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதத்தில் முப்பத்தைந்து முழுசாகிவிட்டது. மீதி ஒன்று, பதினேழாம் எண். அந்த அட்டையே கண்ணில் படவில்லை. பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுவிட்டார்: "பதினேழு மட்டும் முழுசாகட்டும், எல்லா ஆட்டக்காரரையும் வீட்டுக்குக் கூப்ட்டு பிரியாணி போடறேன். நீங்களும் வந்துருங்க." பஸ்ஸே கைதட்டியது. வீட்டில் அதியாக்காவிடம் கேட்டாரா என்றால், இல்லை.

ஆடி பதினெட்டுக்குச் சூளகிரி ஹாஸ்டலிலிருந்து ஊத்தங்கரைக்கு, எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். லீவில் வந்த பெண்ணைச் சும்மா உட்கார விட்டால் எங்கள் அம்மாவுக்குப் பொறுக்காது. ராகிப் பையைக் கையில் கொடுத்து மில்லுக்கு விரட்டினாள். ராமப்பன் மாமாவின் மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் காது அடைக்க நின்றுகொண்டிருந்தபோது, மெயின் ஸ்விட்ச் பெட்டியின் மேல் என்னவோ ஒட்டியிருந்தது. மாவு படிந்து வெள்ளையாக இருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தேன். ஒரு மீசைக்காரர் முகம். கீழே மங்கலாக ஒரு ரோஜாப்பூ. பக்கத்தில் பதினேழு. எஸ். சௌந்தரராஜன்.

நான் போட்ட சத்தத்தில் ராமப்பன் மாமா யாருக்கோ பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது என்று ஸ்விட்சையே அணைத்துவிட்டார். "இந்தப் பழசுக்கா இப்படிக் கத்தினே? எடுத்துக்கினு போ தாயி" என்று திட்டிக்கொண்டே கத்தியால் நெம்பி எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்து எழுத்தெல்லாம் பெட்டியோடு போய்விட்டது. வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சியது.

மறுநாள் பஸ்ஸில் அட்டையை நீட்டியபோது பாஷா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பின்னால் வந்த லாரிக்காரன் கன்னடத்தில் திட்டிக்கொண்டு போனான். இவர் காதில் விழுந்தால்தானே. "கவிம்மா, நீ நல்லா இருப்பே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் வேலை அப்படி. கம்பெனியில் நாள் முழுக்க உதிரிபாகங்களைக் கையில் எடுத்து, கோணல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவதுதான் என் பிழைப்பு. "அண்ணா, மத்தவங்க எல்லாம் விறைப்பா நிக்கறாங்க. இவருக்கு மட்டும் ஏன் ஒரு தோள் இறங்கியிருக்குது?" என்றேன். "அது ஸ்டைலும்மா" என்றார். சரி, ஸ்டைல்.

அட்டைக்காரரைக் கண்டுபிடிப்பது இந்த முறை சுலபமாக இருந்தது. கம்பெனியில் பழைய ஆள் ஒருவரிடம் பேரைச் சொன்னதும், "நம்ம பழைய ஸ்டோர்கீப்பர் சௌந்தர் சாரா? மத்திகிரியில இருக்காரே, கபடி வீரர்!" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பாஷா என்னையும் இழுத்துக்கொண்டு மத்திகிரிக்குக் கிளம்பிவிட்டார்.

வீடு நல்ல வீடு. சுவரில் ஃபிரேம் போட்ட சர்டிபிகேட்டுகள் வரிசையாகத் தொங்கின. மருமகள் பிரியா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "எங்க மாமா அந்தக் காலத்துல ஏழு பேரை இழுத்துக்கினு வந்தாரு தெரியுங்களா?" சௌந்தரராஜன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். வழுக்கை, மழித்த முகம், தொப்பை.

"ஃபைனல். ரெண்டு பக்கமும் சமம். கடைசி ரெய்டு. நான் போறேன். ஏழு பேரும் என் மேல விழுந்துட்டாங்க. காலு ஒருத்தன் கையில, இடுப்பு ஒருத்தன் கையில. நான் விடுவேனா? ஏழு பேரையும் அப்படியே உழுத மாதிரி இழுத்துக்கினு வந்து கோட்டைத் தொட்டேன்!" என்று கையை நீட்டினார். காபி டம்ளர் உருண்டது.

பாஷா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. அட்டையைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் மீசை போகலாம், முடி போகலாம். தாடையுமா மாறும்? கேட்டே விடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பாஷா பேனாவை நீட்டிவிட்டார்.

சௌந்தரராஜன் பேனாவைப் பார்த்தார். "கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியலியே" என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது.

"பரவாயில்ல சார்" என்றார் பாஷா, அந்தப் பச்சைக் குழந்தை. "இங்க எதுக்கு? ஆயுத பூஜை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல விருந்து. உங்ககூட ஆடினவங்க, எதிர்த்து ஆடினவங்க எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாடி போடுங்க. அந்த ஏழு பேருல நாலு பேரு வர்றாங்க சார்!"

பிரியா கைதட்டினாள். "மாமா, நானும் வர்றேன்!" சௌந்தரராஜன் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரமே ஷிப்டு முடிந்து பஸ் கிளம்புகிற நேரம், கேட்டருகே அவர் நின்றுகொண்டிருந்தார். ஏறி, இன்ஜின் மூடிமேல் போய் உட்கார்ந்தார். பஸ் நெடுஞ்சாலையில் ஏறும் வரை கர்ச்சீப்பால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு திடீரென்று, "பாய், அது நான் இல்ல" என்றார்.

"எது சார்?"

"அட்டையில இருக்கறது. பேரு என்னுது. மூஞ்சி என்னுது இல்ல. நான் வாழ்க்கையில கபடியே ஆடினது இல்ல பாய்."

எனக்கு வந்ததே கோபம்! "அப்போ அந்த ஏழு பேரு?" என்று பின்சீட்டிலிருந்து எழுந்தே விட்டேன்.

அவர் சொன்னது இதுதான். கம்பெனிப் போட்டியில் கம்பெனி ஆள்தான் ஆட வேண்டும் என்று விதி. ஆனால் ஜெயிக்க வேண்டுமே. அதனால் கிராமத்தில் நல்ல ஆட்டக்காரன் யாரென்று பார்த்து, மேட்ச் அன்றைக்கு மட்டும் அழைத்துவந்து, கம்பெனியில் அதே வயசு ஆள் ஒருத்தனுடைய பேரில் இறக்கிவிடுவார்கள். "எல்லாக் கம்பெனியிலயும் இதைப் பண்ணாங்க பாய். ஆனா எங்க ஆளு மட்டுந்தான் அட்டை வரைக்கும் போயிட்டாரு. படம் புடிச்சவன் அவரைப் புடிச்சான். பேரு எழுதினவன் என் பேரை எழுதினான்."

"நீங்க ஏன் சார் அப்பவே சொல்லல?" என்றேன்.

"எங்கம்மா சொல்றது? அட்டை வந்த மாசம் எனக்குப் பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணு வீட்டுல, மாப்பிள்ளை கபடி வீரராமேன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. அவளும் போய்ச் சேர்ற வரைக்கும் அதை நம்பிக்கினேதான் போனா. இப்ப பிரியா நம்புது." குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு கூத்து சொல்றேன் கேளு. ஒரே மைதானத்துல ரெண்டு சௌந்தரராஜன் இருந்தா மாட்டிக்குவோம்னு, மேட்ச் அன்னிக்கு என்னை ஸ்டோர்ல வச்சு வெளியில பூட்டிடுவாங்க. பன்னும் டீயும் குடுத்துருவாங்க. சாக்குக்குப் பின்னாடி உக்காந்துக்கினு விசில் சத்தம் கேப்பேன். ஒரு மேட்ச்கூட நான் பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமாகவும் இருந்தது. பாவமாகவும் இருந்தது. மூன்றும் சேர்ந்து வந்தால் மனுஷி என்ன செய்வாள்? பாஷாவைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துத் தேடல், கடைசி அட்டை, விருந்துக்கு எல்லோரையும் கூப்பிட்டாகிவிட்டது. மனுஷர் இடிந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ ரோட்டைப் பார்த்தபடி, "அப்போ இந்த மூஞ்சி யாருது?" என்றார். குரலில் பண்டிகைக் களை. இன்னொரு ஆளைத் தேட வேண்டும் என்பதே அந்த மனுஷருக்கு சந்தோஷம்!

"மாதேஷுன்னு பேரு. ஊத்தங்கரைப் பக்கம். அவ்வளவுதான் தெரியும். நான் அவரை நேருல பாத்ததே இல்லியே, பூட்டி வச்சிருந்தாங்கன்னேனே."

ஊத்தங்கரை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. மாவு மில்! ஒரு கபடிக்காரர் படத்தை அந்த ஸ்விட்ச் பெட்டிமேல் யார் ஒட்டுவார்கள்? சொந்தப் படமாக இருந்தால்தானே?

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் ஊத்தங்கரை பஸ் ஏறினோம். வழியெல்லாம் பாஷா அந்த அரசு பஸ் டிரைவரின் கியர் மாற்றலைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். சௌந்தரராஜன் சார் மடியில் ஒரு பையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார்.

ராமப்பன் மாமா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "தாயி, உன்னால எனக்கு ஏச்சு! அதை ஒட்டினது நம்ம மாதேஷண்ணன். வருஷக்கணக்கா, இது நான்தான்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. பேரு வேறயா போட்டிருக்குதேன்னு நாங்க ஓட்டுவோம். உம்பேரு எப்போ சௌந்தரராஜன் ஆச்சுன்னு கேட்டா முறைப்பாரு. நீ எடுத்துக்கினு போன மறுவாரம் ராகி அரைக்க வந்தவரு, பெட்டியைப் பாத்துட்டு, மாவுகூட வாங்காம போயிட்டாரு."

அதைக் கேட்டதும் பாஷா ஆல்பம் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பால் சொசைட்டி வாசலில் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார் மாதேஷ். உயரமான ஆள். மீசை நரைத்திருந்தது. தாடை அப்படியே அட்டையில் இருந்த தாடை. பாஷா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். நான் விஷயத்தைச் சொல்லி, "இவருதான் சௌந்தரராஜன் சார்" என்று காட்டினேன்.

மாதேஷ் கேனைக் கீழே வைத்தார். மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் நானா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் சௌந்தரராஜன், தலையைக் குனிந்துகொண்டு. "நீங்கதான் நானு."

பிறகு மாதேஷ் சிரித்தார் பாருங்கள், சொசைட்டியில் நின்ற மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

டீ குடிக்கும்போதுதான் மற்றதைச் சொன்னார். அந்தக் காலத்தில் போலீசில் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுத்தார்களாம். இவரும் போய் நின்றிருக்கிறார். சர்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். எல்லா சர்டிபிகேட்டும் சௌந்தரராஜன் பேரில். "திரும்பி வந்துட்டேன். பேரு போனா போவுது, மாட்டை வச்சுப் பொழைச்சுட்டேன். ஆனா ஊருல ஒருத்தனும் நம்பலியே, அதான். எம்பொண்டாட்டியே, அந்த மில்லுக்காரங்கிட்டப் போய் ஏன் மானத்தை வாங்கறேன்னு கேப்பா."

சௌந்தரராஜன் மடியிலிருந்த பையைப் பிரித்தார். சுவரில் பார்த்த சர்டிபிகேட்டுகள். எல்லாவற்றையும் ஃபிரேமிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மேஜைமேல் வைத்தார். மாதேஷ் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே வச்சுக்கங்க" என்றார் மாதேஷ். "இப்ப என்னை எந்த போலீஸ்ல சேக்கப் போறாங்க? கன்னுக்குட்டி அவுத்துக்கினு ஓடினாலே புடிக்க முடியல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

விருந்து நாள் வந்தது. சூளகிரியில் பாஷா வீட்டு வாசலில் பந்தல் போட்டு, அதியாக்கா அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு தளபதி மாதிரி நின்றார். "சக்களத்திங்க எல்லாரும் வந்தாச்சா?" என்று என்னிடம் கண்ணடித்தார். உயிரோடு இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் வந்திருந்தார்கள். முழங்கால் பட்டையோடு, பேரப்பிள்ளையோடு, கவுன்சிலர் சால்வையோடு. சாய்ந்து உட்காருவதற்கே நாலு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வாய் மட்டும் கோடு தாண்டி ஆடிக்கொண்டிருந்தது.

மாதேஷ் பந்தலுக்குள் நுழைந்தார். அந்தப் பக்கம் பிரியாவோடு சௌந்தரராஜன் உட்கார்ந்திருந்தார். மாலூரிலிருந்து வந்திருந்த மணி, அந்தக் காலத்தில் கணுக்காலைப் பிடித்தால் விடாதவர், துள்ளி எழுந்து, எப்படியிருக்கே என்று கன்னடத்தில் கத்தினார். "ஏ சௌந்தர்! ஹெங்கிதியா மாராயா!"

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

மணி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது மாதேஷை. பின்னாலேயே ஒவ்வொருவராக, "டேய் சௌந்தரு!", "எங்கடா போயிட்டே!" என்று அவரை மொய்த்தார்கள். பிரியா மாமனாரைப் பார்த்தாள். "மாமா, அவரு பேரும் சௌந்தரா?"

இப்போது சொல்லவில்லை என்றால் எப்போதும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. சௌந்தரராஜன் எழுந்து நின்றார். "அவரு சௌந்தர் இல்ல" என்று சத்தமாகவே சொன்னார். "சௌந்தர் நான். ஆடினது அவரு. அவரு பேரு மாதேஷ். ஊத்தங்கரை மாதேஷ். எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுங்க."

அதியாக்காவின் கரண்டிகூட நின்றுவிட்டது.

"அப்போ ஃபைனல் அன்னிக்கு நீங்க எங்க மாமா இருந்தீங்க?" என்றாள் பிரியா.

"ஸ்டோர்ல. சாக்குக்குப் பின்னாடி. பன்னு தின்னுக்கினு."

பிரியாவின் முகம் ஒரு கணம் எப்படியோ போயிற்று. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தவள், "பன்னா?" என்றாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் டம்ளரை நீட்டினாள். சௌந்தரராஜன் குடித்துவிட்டு மாதேஷ் பக்கம் திரும்பினார். "அண்ணா, முப்பது வருஷமா நானா இட்டுக்கட்டிச் சொல்லிக்கினு இருக்கறேன். அந்தக் கடைசி ரெய்டுல என்னதான் நடந்துச்சு?"

மாதேஷ் பதில் சொல்வதற்குள் மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நான் சொல்றேன்! நான்தான எதிர்ல நின்னது! இவன் பாடிக்கினு உள்ள வந்தானா, ட்ரவுசர் நாடா அறுந்துபோச்சு! ஒரு கையில ட்ரவுசரைப் புடிச்சுக்கினு, இன்னொரு கையை நீட்டிக்கினு வர்றான். எங்க ஏழு பேருக்கும் சிரிப்பு. யாரு புடிக்கறது? எங்க புடிக்கறது? சிரிச்சுக்கினே நின்னோம். இவன் வந்து எம்மூக்கைத் தொட்டுட்டு ஓடிட்டான்!"

பந்தல் அதிர்ந்தது. ரிட்டயர்டு எஸ்.ஐ.க்குப் புரையேறி, யோகா வாத்தியார் முதுகில் தட்டினார். மாதேஷ் வெட்கப்பட்டுக்கொண்டே, "ஆட்டம் முடிஞ்ச உடனே படம் புடிக்க இட்டுனு போயிட்டாங்க. நாடா கட்டக்கூட நேரம் குடுக்கல" என்றார்.

நான் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். இறங்கிய தோள்! படத்துக்குக் கீழே, தெரியாத இடத்தில், அந்தக் கை ட்ரவுசரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டைலாம் ஸ்டைல். பாஷாவைப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரியாணி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், பாஷா சட்டையைச் சரிசெய்துகொண்டு அட்டையையும் பேனாவையும் மாதேஷ் முன்னால் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஆல்பம் திறந்திருந்தது. பதினேழாம் உறை காலியாக இருந்தது.

மாதேஷ் பேனாவைப் பிடித்தார். எழுதவில்லை. "ஒவ்வொரு மேட்சுக்கும் சௌந்தரராஜன்னு போட்டுப் போட்டு, அந்தக் கையெழுத்துதான் எனக்கு நல்லா வரும்" என்றார். "எதைப் போடட்டும்?"

"உங்க பேரை" என்றார் சௌந்தரராஜன்.

மாவு மில்லில் கிழிந்து வெள்ளையாகிப்போன பின்பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாக, மாதேஷ் என்று எழுதினார். பிறகு சௌந்தரராஜன் பேனாவை வாங்கி, நெற்றியிலிருந்த கண்ணாடியைச் சரியாக இறக்கிவிட்டுக்கொண்டு, அதன்கீழே எழுதினார்: "இது இவர்தான். நான் இல்லை. எஸ். சௌந்தரராஜன்."

முப்பத்தாறும் முழுசு. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் விசிலடித்தோம். பாஷா அட்டையை எடுத்து உறைக்குள் செருகப் போனார். அப்போது மாதேஷ், பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு, "பாய், தப்பா நினைக்காதீங்க" என்றார். "அதை நான் எடுத்துக்கலாமா? மில்லுல ஒட்டணும். இப்ப எழுதியிருக்குது இல்ல, அவனுங்களுக்குக் காட்டணும். எம்பொண்டாட்டிக்கும் காட்டணும்."

எல்லோரும் பாஷாவைப் பார்த்தோம். அந்த அட்டைக்காக அந்த மனுஷர் பட்ட பாட்டை என்னைவிட யாருக்குத் தெரியும்? கொடுக்காதீர்கள் என்று கத்த வேண்டும்போல எனக்கு வந்தது. கொடுக்காவிட்டால் அவரோடு பேச மாட்டேன் என்றும் தோன்றியது. அவருடைய கட்டைவிரல் அட்டைமேல் அழுந்தி நின்றது. அதியாக்கா கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எடுத்துக்கங்கண்ணா" என்றார் பாஷா. குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே சரியாகிவிட்டது. "ஆளே கிடைச்சாச்சு. எனக்கு அட்டை எதுக்கு?" பிறகு வழக்கமான பாஷாவாகிவிட்டார். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை பின்பக்கம் தெரியற மாதிரி ஒட்டணும்."

"மூஞ்சி தெரிய வேணாமா?" என்றார் மாதேஷ்.

"ரெண்டும் தெரியற மாதிரி கண்ணாடியில மாட்டிக் குடுக்கறேன் அண்ணா, எங்க வீட்டுல ஃபிரேம் நிறைய காலியா இருக்குது" என்றார் சௌந்தரராஜன்.

இப்போதும் பஸ்ஸில் புதிதாக யாராவது ஏறினால் பாஷா ஆல்பத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். புரட்டிக்கொண்டே வருகிறவர்கள் பதினேழாம் உறையில் நின்று, இது மட்டும் ஏன் காலி என்று கேட்பார்கள். அவ்வளவுதான், டோல்கேட் வரும் வரை ட்ரவுசர் கதை. ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. நான் இன்னும் அதே பின்சீட்டில்தான் உட்காருகிறேன், நாடா அறுகிற இடம் வரும் வரை தூங்குவதில்லை.